ஹர்ஸ்டனின் காது

ஸோரா நீல் ஹர்ஸ்டனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் அவருடைய கல்லறையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1960 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் என்ற ஊரில், ஆதரவற்றோருக்கான விடுதியில் அவர் இறந்தது. அடக்கத்துக்குப் பிறர் பணம் திரட்ட வேண்டியிருந்தது. 1973இல் ஆலிஸ் வாக்கர், தன்னை ஹர்ஸ்டனின் உடன்பிறந்தார் மகள் என்று சொல்லிக்கொண்டு அங்கே போய், புதர் மண்டிய இடுகாட்டில் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும் என்று ஓர் இடத்தில் கல் நட்டது. 1975இல் 'மிஸ்' பத்திரிகையில் அதை எழுதியது. 1978இல் இல்லினாய் பல்கலைக்கழகப் பிரசுரம் 'தேர் ஐஸ் வேர் வாட்ச்சிங் காட்' நாவலை மறுபதிப்புச் செய்தது. அந்தக் கல்லில் பிறந்த வருஷம் 1901 என்று இருக்கிறது. உண்மையில் அவர் பிறந்தது 1891. இருபத்தாறு வயதில் இலவசப் பள்ளியில் சேருவதற்காகப் பத்து வருஷத்தைக் குறைத்துச் சொன்னவர், கடைசிவரை அதைக் கூட்டவேயில்லை. கல்லிலும் அவர் சொன்ன பொய்தான் நிற்கிறது. இதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது.

மனத்தை உருக்குகிற கதைதான். ஆனால் இந்தக் கதை நமக்குப் பதிலாகத் தானே புத்தகத்தையும் வாசித்து முடித்துவிடுகிறது. முன்னுரை, பின்னுரை, வாழ்க்கைக் குறிப்பு என்று மறுபதிப்பின் வாசலில் நிற்பவர்களைத் தாண்டி உள்ளே போவதற்குள், ஒரு தியாகியின் எழுத்தை வாசிக்கும் பணிவு நமக்கு வந்துவிடுகிறது. பணிவோடு வாசிக்கப்படும் நாவல் பாதி செத்த நாவல்.

நாவல் முதலில் வெளிவந்த 1937இல் நிலைமை நேர் எதிர். ரிச்சர்ட் ரைட் 'நியூ மாஸஸ்' பத்திரிகையில் அதை ஒதுக்கித் தள்ளினார். கருப்பொருள் இல்லை, சொல்ல வந்த சேதி இல்லை. கறுப்பர்களைச் சிரிக்கவும் அழவும் வைத்து வெள்ளைக்கார வாசகனுக்கு வேடிக்கை காட்டுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. ரைட் சாதாரண ஆள் இல்லை. அவர் கோபத்துக்குக் காரணமும் இருந்தது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர் பேச்சை நையாண்டி செய்த மேடைக் கூத்துக்கள் அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டாக நடந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஊரில் கறுப்பர் பேச்சை அப்படியே எழுத்தில் கொண்டுவருபவர்மேல் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் அன்று நிராகரித்த ரைட்டும் பின்னால் உயிர்ப்பித்தவர்களும் கேட்டது ஒரே கேள்விதான்: இவர் எந்தப் பக்கம்? ரைட்டுக்குத் தவறான பக்கம். வாக்கருக்குச் சரியான பக்கம். வாக்கியங்களை அங்கங்கே மேற்கோள் காட்டிவிட்டு இரண்டு தரப்பும் நகர்ந்துவிடுகின்றன.

எனக்கு ஹர்ஸ்டனைத் திறந்துவிட்டது அந்த நாவல் அல்ல. அதற்கு முன்பே எழுதப்பட்டு, 2018இல்தான் அச்சான 'பாரக்கூன்'. 1808 முதல் அமெரிக்காவுக்குள் அடிமைகளைக் கொண்டுவருவது சட்ட விரோதம். அதற்கு ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு, 1860இல், 'க்ளோடில்டா' என்ற கப்பல் நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஆப்பிரிக்காவிலிருந்து அலபாமாவுக்குத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தது. அதில் வந்தவர்களில் ஒருவர் கொஸ்ஸோலா. அமெரிக்காவில் அவர் பெயர் கட்ஜோ லூயிஸ். 1927இல் ஹர்ஸ்டன் அவரைப் போய்ப் பார்த்தபோது எண்பதைத் தாண்டியிருந்தார். அந்த முதல் சந்திப்பின் விளைவாக ஓர் ஆய்விதழில் ஹர்ஸ்டன் எழுதிய கட்டுரையின் பெரும்பகுதி, எம்மா லாங்டன் ரோஷ் 1914இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து எடுத்தது. திருட்டு என்றுதான் சொல்லவேண்டும். அவர் இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1972இல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. கல்லறைக் கதையைச் சொல்பவர்கள் இதைச் சீக்கிரமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் இங்கேதான் நிற்க விரும்புகிறேன்.

ஏனென்றால் அவர் திரும்பிப் போனார். ஷார்லட் ஆஸ்குட் மேஸன் என்ற பணக்காரச் சீமாட்டி மாதம் 200 டாலர் கொடுத்தார். சேகரிப்பதெல்லாம் சீமாட்டிக்கே சொந்தம் என்று ஒப்பந்தம். அந்தப் பணத்தில் ஹர்ஸ்டன் கிழவரின் வீட்டுத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தார். பீச் பழம் கொண்டுபோனார், தர்ப்பூசணி கொண்டுபோனார், பூச்சி மருந்துத் தூள்கூடக் கொண்டுபோனார். சில நாட்கள் கிழவர் பேசமாட்டார்; தோட்ட வேலை இருக்கிறது, போய் வா என்பார். இவர் போய்விட்டு மறுபடி வருவார். அச்சில் வந்திருக்கும் புத்தகத்தில் ஹர்ஸ்டன் கேட்கும் கேள்விகள் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் அநேகமாகக் காணாமல் போகின்றன. புத்தகத்திலிருந்து வரி வரியாக எடுத்து எழுதியவர், வாயை மூடிக்கொண்டு கேட்கக் கற்றுக்கொள்கிறார். ஒரு எழுத்தாளர் உருவாவதை இவ்வளவு நிர்வாணமாகக் காட்டும் ஆவணம் வேறொன்று எனக்குத் தெரியாது.

1931இல் வைக்கிங் பிரசுராலயம் இதைப் பார்த்தது. பேச்சு வழக்கில் இல்லாமல் 'மொழி'யில் எழுதித் தந்தால் பரிசீலிக்கலாம் என்று தெரிவித்தது. கிழவர் பேசியது மொழி இல்லையாம். ஹர்ஸ்டன் மாற்றவில்லை; கையெழுத்துப் பிரதி எண்பது வருஷங்களுக்கு மேல் தூங்கியது. வெள்ளைப் பதிப்பாளனுக்கு அந்தப் பேச்சு மொழியில்லை. ரைட்டுக்கு அது கூத்தாடியின் மொழி. ஹர்ஸ்டன் ஒருவருக்கு மட்டும்தான் அது யோசிக்கிற மொழி.

நாவலுக்கு வருகிறேன். கறுப்பர் பேச்சை அவர் எழுத்துக் கூட்டியிருக்கும் விதம் முதலில் என்னை இடறிவிட்டது. ஆங்கிலத்தைக் கண்ணால் மட்டுமே படித்துப் பட்டம் வாங்கியவனுக்கு நேர வேண்டியதுதான். முப்பது பக்கம் தடுமாறியபின் வாய்விட்டுப் படித்தேன். அப்புறம் சிரமம் இல்லை. ஈட்டன்வில், ஹர்ஸ்டன் வளர்ந்த ஊர். கறுப்பர்களே அமைத்து, 1887 முதல் கறுப்பர்களே நிர்வகித்து வரும் ஊர். நாவலில் ஜோ ஸ்டார்க்ஸ் அங்கே வந்து, கடை வைத்து, மேயராகி, மனைவி ஜேனியின் தலைமுடியைத் துணியால் கட்டவைக்கிறான். கடைத் திண்ணையில் ஆண்கள் ஒரு நோஞ்சான் கழுதையைப் பற்றி ஓயாமல் கதை கட்டுகிறார்கள். ரைட்டுக்குக் கூத்தாகப் பட்டது இதுதான். ஆனால் அந்தத் திண்ணையில் ஜேனிக்கு இடம் கிடையாது. அவளும் மனசுக்குள் கழுதைக் கதைகள் கட்டுகிறாள். சொல்ல அனுமதி இல்லை. ஆக அந்த ஹாஸ்யம் முழுவதையும் நாம் கேட்பது, வாய் கட்டப்பட்டு உள்ளே நிற்கும் ஒருத்தியின் காதால். அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் நமக்கும் தொண்டை அடைக்கிறது. சேதி இல்லை என்றவர் இந்த ஏற்பாட்டைக் கவனிக்கவில்லை.

ஜோ செத்தபின் ஜேனி, தன்னைவிட வயதில் இளைய டீ கேக் என்பவனோடு தெற்கே, ஒகிச்சோபி ஏரிக்கரைக்குப் பீன்ஸ் பறிக்கும் வேலைக்குப் போகிறாள். புயல் வருகிறது. 1928 செப்டம்பரில் நிஜமாகவே அங்கே அடித்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற புயல் அது. புயல் அத்தியாயத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு முக்கியம், அதற்கு அடுத்து வரும் சில பக்கங்கள். துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரர்கள் டீ கேக்கைப் பிடித்துப் பிணம் புதைக்க இழுத்துப் போகிறார்கள். சவப்பெட்டிகள் குறைவு, வெள்ளைக்காரப் பிணங்களுக்கு மட்டும் பெட்டி, மற்றவற்றுக்குச் சுண்ணாம்பு தூவிய குழி. ஆனால் ஊறி அழுகிய உடலில் எது வெள்ளை, எது கறுப்பு? தெரியவில்லை என்றால் தலைமயிரைப் பார் என்று உத்தரவு வருகிறது. டீ கேக் அதைப் பற்றி இன்னொருவனிடம் ஒரு கேலி சொல்கிறான். அவ்வளவுதான். ஆசிரியர் குரல் உயரவில்லை, விளக்கம் இல்லை. வெஸ்ட் பாம் பீச்சில் 674 கறுப்பர்கள் பெட்டியில்லாமல் ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள் என்பது சரித்திரம். அந்தச் சரித்திரத்தை ஒரு தொழிலாளியின் கேலியில் வைத்துவிட்டு நகர்கிறார் ஹர்ஸ்டன். எதிர்ப்பு இல்லை என்று ரைட் சொன்ன புத்தகத்தில் இந்தப் பக்கங்கள் இருக்கின்றன.

வெறிநாய் கடித்து மூளை பிசகிய டீ கேக்கை ஜேனி சுட்டுக் கொல்ல நேர்கிறது. வழக்கு நடக்கிறது. அவள் உயிர் தொங்கும் அந்த இடத்தில் அவள் பேச்சு நமக்குத் தரப்படவில்லை. அவள் சொன்னாள் என்பதை ஆசிரியர் சுருக்கிச் சொல்கிறார். 1979இல் ஒரு கருத்தரங்கில் ராபர்ட் ஸ்டெப்டோ இதைக் குறையாகச் சொன்னார். ஆண்கள் பேசச் சொல்லும்போதெல்லாம் பெண் பேசவேண்டியதில்லை என்ற தொனியில் வாக்கர் பதில் சொன்னார். நல்ல பதில், ஆனால் விமர்சனம் அல்ல. பக்கத்தைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்த அறையின் பின்பக்கம் கறுப்பர்கள் கூட்டமாக நிற்கிறார்கள்; ஜேனிக்கு எதிராகச் சாட்சி சொல்லத் துடிக்கிறார்கள்; அவர்களையும் வெள்ளைக்கார வக்கீல் வாயடைக்கிறான். தீர்ப்புச் சொல்பவர்கள் பன்னிரண்டு வெள்ளையர்கள். அந்த அறையில் அந்த மொழியை யாரும் கேட்பதாயில்லை. தன் கதையை அந்த மொழியில் ஜேனி சொல்வது, ஊர் திரும்பியபின், இருட்டில், சிநேகிதி ஃபீபியிடம். காது இருக்கிற இடத்தில்தான் கதை. இந்த மௌனம் சரியான மௌனம் என்பது என் கட்சி.

ஆனால் வேறொரு மௌனம் இருக்கிறது; அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. டீ கேக் ஜேனியை அடிக்கிறான். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இவள் எனக்குச் சொந்தம் என்று ஊருக்குக் காட்டுவதற்காக அடிக்கிறான். மறுநாள் ஆண்கள் அவனைப் பொறாமையோடு பார்த்துப் பேசுகிறார்கள். இதை ஆசிரியரும் அவர்களுடைய தொனியிலேயே, பெரிய அடியொன்றுமில்லை என்கிற மாதிரி, சொல்லிப் போகிறார். முழு நாவலும் ஜேனி ஃபீபியிடம் சொல்வது என்றால், இந்தப் பக்கத்தை யார் சொல்கிறார்கள்? சமூகத்தை உள்ளபடி காட்டியிருக்கிறார் என்று ரசிகர்கள் சமாதானம் சொல்கிறார்கள். கழுதைக் கதையில் உள்ளே நிற்கிறவளின் காதை நமக்குக் கொடுத்தவர், இங்கே திண்ணையில் ஆண்களோடு போய் உட்கார்ந்துவிட்டார். காது திரும்பிவிட்டது. நாவலின் ஓட்டை இதுதான். 1937இல் ஒருவரும் பார்க்காத ஓட்டை.

மற்ற புத்தகங்களில் சுயசரிதையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 'டஸ்ட் ட்ராக்ஸ் ஆன் எ ரோட்' 1942இல் வந்தபோது வெள்ளையரைத் தாஜா செய்யும் புத்தகம் என்ற பெயர் வாங்கியது. பேர்ல் ஹார்பருக்குப் பிறகு, அமெரிக்காவும் ஐரோப்பாவும் பிறர் நாடுகளில் செய்வதைப் பற்றி அவர் எழுதியிருந்ததைப் பதிப்பாளர் எடுக்கச் சொல்லியிருந்தார். 1995இல் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா பதிப்பில் அவை சேர்ந்தபின் வேறு ஆள் தெரிகிறார். கூர்மையானவர், நாலு பேரைப் பகைத்துக்கொள்ளத் தயங்காதவர். அதற்காக, வெட்டப்பட்டது எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடும் என்று நினைப்பது சோம்பேறித்தனம். பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த்து, மறு வருஷம் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதும் இதே ஹர்ஸ்டன்தான். கறுப்பர் பள்ளி மட்டம் என்று ஒப்புக்கொள்ள அவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கௌரவம் புரிகிறது, கடிதம் தவறு.

இறந்தபின் அவர் தாள்களைத் தீயில் போட்டார்கள். வழியே போன ஒரு போலீஸ் அதிகாரி நிறுத்தி அணைத்தார். அதில் தப்பிய ஏரோது மன்னனைப் பற்றிய நாவல் 2025 ஜனவரியில் வெளிவந்தது. வருஷக்கணக்காக உழைத்த புத்தகம். அரண்மனைகளும் படைகளும் இருக்கின்றன. ஆனால் அந்த மனிதர்கள் பேச யாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதாகத் தெரியவில்லை. சில அத்தியாயங்களோடு நிறுத்திக்கொண்டு மறுபடி கொஸ்ஸோலாவிடம் போனேன். கிழவரைப் படம் எடுக்க ஹர்ஸ்டன் அனுமதி கேட்கிறார். இருப்பதில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வருகிறார்; காலில் செருப்பு இல்லை. ஆப்பிரிக்காவில் இருக்கிற மாதிரி தெரியவேண்டும், தான் இருக்க விரும்புகிற இடம் அதுதான் என்கிறார். இடுகாட்டில், தன் மனைவியும் பிள்ளைகளும் புதைந்திருக்கும் குழிகளுக்கு நடுவில் நின்று எடுக்கவேண்டும் என்று கேட்கிறார். ஹர்ஸ்டன் அப்படியே எடுத்தார்.