ஸ்கூட்டிக்குக் காப்புறுதி உண்டு, ஓட்டுபவருக்கு?

யாழ்ப்பாணத்தில் ஸ்கூட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் வருடத்துக்கு ஒருமுறைதான் காப்புறுதி முகவரை நினைக்கிறார்கள். வரிப்பத்திரம் முடிகிற கிழமை அது. காப்புறுதிச் சான்றும் புகைப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் அதைப் புதுப்பிக்க முடியாது. "வரிப்பத்திரத்துக்கு ஒரு இன்சூரன்ஸ் போட்டுத் தாங்கோ, ஆகக் குறைஞ்சது எவ்வளவு வரும்?" என்று கேட்டுக் காசைக் கொடுத்து, வந்த அட்டையைப் பொலித்தீன் உறைக்குள் சுற்றி, சீற்றுக்குக் கீழே வைத்துப் பூட்டினால் அடுத்த வருடம்வரை அந்தப் பேச்சில்லை. அந்த அட்டை யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுக்கும் என்று விசாரிப்பவர் குறைவு. விசாரிக்காமல் விடுவதால் வரும் நட்டத்தைக் குடும்பங்கள்தான் சுமக்கின்றன.

முதலில் இந்த ஏற்பாட்டின் நல்ல பக்கத்தைச் சொல்லவேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாத வாகனத்தை வீதியில் ஓட்டக்கூடாது என்கிறது. பிரித்தானியா 1930இல் தன் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் கொண்டுவந்த கட்டாயம்தான் குடியேற்ற நாடுகளின் சட்டங்களுக்கும் பரவியது. அதன் நோக்கம் நேர்மையானது. அடிபட்டவருக்கு நட்டஈடு கிடைப்பது அடித்தவரின் பணவசதியில் தங்கியிருக்கக்கூடாது. சைக்கிளில் வேலைக்குப் போகும் கூலித் தொழிலாளி ஒருவரை, வேலையில்லாத இளைஞன் ஓட்டிவந்த ஸ்கூட்டி இடித்துவிட்டால் அந்த இளைஞனிடம் வாங்க எதுவுமில்லை. அவன் வருடத்துக்கு ஒருமுறை கட்டிய சிறு தொகைக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நிற்கிறது. இது சிறிய காரியமில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. அது பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்த்தால்தான் தெரியும். இந்தியாவில் இருசக்கர வண்டிக்கு வீதி வரியைத் தொடக்கத்திலேயே ஆயுளுக்கும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். வருடாவருடம் யாரும் காப்புறுதியைக் கேட்கும் இடமில்லை. அதனால் முதல் வருடம் முடிந்ததும் புதுப்பிக்காமல் ஓடும் வண்டிகள் பெருகின. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2018 செப்டெம்பர் 1 முதல் புதிய இருசக்கர வண்டிக்கு 5 வருட மூன்றாம் தரப்புக் காப்புறுதியை ஒரேயடியாக எடுக்கவேண்டும் என்று விதி வந்தது. நம் நாட்டில் வரிப்பத்திரத்தோடு கட்டிவைத்த முடிச்சு அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. அலைச்சல் என்று நாம் திட்டுகிற அந்த வருடாந்த வரிசைதான் வீதியில் உள்ள வண்டிகளைக் காப்புறுதிக்குள் வைத்திருக்கிறது.

ஆனால் கட்டிய பணம் அடிபட்டவரிடம் போய்ச் சேருகிறதா? இங்கேதான் இந்த நடைமுறை பலமாகத் தடுக்குகிறது. விபத்து நடந்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சனம் கூடும். வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்துவார்கள். காயப்பட்டவரை ஓட்டோவில் ஏற்றி யாழ். போதனா வைத்தியசாலைக்கோ பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதும் முன்பே, "ஏன் கோடு கச்சேரி எண்டு அலைவான், சமாதானமாப் போவம்" என்று யாராவது பெரியவர் தொடங்குவார். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆகவே ஸ்கூட்டிக்காரர் கையிலிருந்து சில ஆயிரங்களோ பல ஆயிரங்களோ கைமாறுவதோடு விடயம் முடிகிறது. இதற்கிடையில் காப்புறுதி நிறுவனத்துக்கு யாரும் அறிவிப்பதில்லை. விழுந்த இடத்தில் வைத்து ஒரு படம் எடுப்பதுமில்லை.

சமாதானம் கெட்டதில்லை. சிறு கீறலுக்கும் வளைந்த மட்கார்ட்டுக்கும் அதுதான் சரி. கால் முறிந்து ஆறு மாதம் வேலைக்குப் போகமுடியாதவருக்கு அது பெரிய அநியாயம். நம் சட்டத்தில் நட்டஈடு பெற, ஓட்டியவரின் கவனயீனத்தை நிரூபிக்கவேண்டும். பொலிஸ் பதிவும் வைத்திய அறிக்கையும் சாட்சியும் இல்லாமல் மாவட்ட நீதிமன்றத்தில் எதையும் நிறுவமுடியாது. நிறுவனத்துக்குப் பிந்தி அறிவித்தால் அதுவே மறுப்பதற்கு ஒரு காரணமாகிவிடும். முதல் நாள் செய்த சமாதானம் பிறகு வரவேண்டிய பணத்தின் வாசலை அடைத்துவிடுகிறது. காப்புறுதிக்குப் பணம் கட்டிய மனிதர் நட்டஈட்டையும் தன் கையாலேயே கட்டுகிறார், அடிபட்டவரோ கிடைக்கவேண்டியதில் ஒரு துண்டோடு வீடு போகிறார். இதில் நிறுவனங்களின் பிழையும் உண்டு. அட்டையைக் கொடுக்கும் முகவர், விபத்து நடந்தால் முதல் ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்யவேண்டும் என்று தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுத்தால் போதும். உடன்படிக்கை நிபந்தனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. வாசிக்காத குறையை வாடிக்கையாளர் மேல் போடுவது நியாயமில்லை.

இனி எல் போட் மாட்டியவரிடம் வருவோம். குடாநாட்டில் ஸ்கூட்டி பரவிய வேகத்தில் பெண்களின் பங்கு பெரியது. ஆசிரியைகள், தாதியர், வங்கியில் வேலை செய்யும் பிள்ளைகள், பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்கும் அம்மாமார் என்று, முன்பு பஸ்ஸுக்கோ அண்ணனின் சைக்கிளுக்கோ காத்திருந்தவர்கள் இன்று தங்கள் நேரத்தில் புறப்படுகிறார்கள். இந்த மாற்றத்தை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். அதனாலேயே கேட்கிறேன்: பழகுகிற காலத்தில் இவர்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

பழகுபவர் பெரும்பாலும் வீட்டில் இருக்கிற பழைய வண்டியில்தான் பழகுகிறார். அதற்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருக்கும். நவாலியிலோ நீர்வேலியிலோ ஒரு ஒழுங்கையில், மாலை மங்குகிற நேரம், கட்டாக்காலி மாடு ஒன்று வேலிப் பக்கமிருந்து குறுக்கே வருகிறது என்று வையுங்கள். பழகாத கை முன் பிறேக்கை இறுக்கிப் பிடிக்க, ஸ்கூட்டி சறுக்கி ஓட்டியவர் தோளெலும்பு முறிந்து விழுகிறார். மாட்டுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் வரமாட்டார். இந்த விபத்தில் மூன்றாம் தரப்பு என்று யாருமே இல்லை. ஆகவே சீற்றுக்குக் கீழே இருக்கும் அட்டை ஒரு சதமும் கொடுக்காது. லைற் இல்லாமல் தோட்டத்திலிருந்து திரும்பும் லான்ட்மாஸ்டரோடு முட்டி, பிழை ஸ்கூட்டிக்காரரிடம்தான் என்று முடிந்தாலும் இதே கதி. நம் ஒழுங்கைகளில் புதிதாக ஓட்டுபவர் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். கட்டாயக் காப்புறுதி மற்றவரைப் பார்க்கிறது, ஆபத்து அதிகமாக உள்ள ஆளைப் பார்க்கவில்லை.

வண்டியின் சேதத்தையும் சேர்க்கும் ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தாலும் இன்னொரு சிக்கல் வரலாம். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டினால் வண்டியின் சேதத்துக்குப் பணம் இல்லை என்பது உடன்படிக்கைகளில் வழமையாக உள்ள நிபந்தனை. பயிலுநர் அனுமதிப்பத்திரத்தை அனுமதிப்பத்திரமாக நிறுவனம் ஏற்கிறதா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்திருக்கவேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரியில் சுவரன் சிங் வழக்கில் இதற்குத் தெளிவான விடை சொன்னது. பயிலுநர் அனுமதிப்பத்திரமும் அனுமதிப்பத்திரமே, அதை வைத்திருப்பவர் ஓட்டிய வண்டியால் வந்த நட்டஈட்டை நிறுவனம் கட்டவேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதிலுள்ள நியாயம் நமக்கும் பொருந்தும். பழகுவதற்கு அரசே அனுமதி கொடுத்துவிட்டு, பழகும்போது விழுந்தால் அனுமதி இல்லாதவர் போல நடத்துவது முரண்.

இந்தியாவில் பின்பற்றத்தக்க இன்னொன்றும் இருக்கிறது. உரிமையாளரே ஓட்டும்போது அவர் இறந்தாலோ நிரந்தர ஊனமடைந்தாலோ கொடுக்கும் தனிநபர் விபத்துக் காப்பு கட்டாயமாக இருக்கிறது. அதன் தொகை 2018இல் 15 இலட்சம் இந்திய ரூபாவாக உயர்த்தப்பட்டது. மூன்றாம் தரப்புக் கட்டணமும் இயந்திரக் கொள்ளளவின்படி பகிரங்கமாக அறிவிக்கப்படுகிறது. 75 முதல் 150 சீசீ வரையான வண்டிக்கு 2022 ஜூனில் வருடத்துக்கு 714 இந்திய ரூபா என்று நிர்ணயித்தார்கள். சென்னையில் இருப்பவரும் இராமேஸ்வரத்தில் இருப்பவரும் ஒரே தொகையையே கட்டுகிறார்கள்.

லீசிங்கில் எடுத்த புது ஸ்கூட்டியின் கதை வேறு. பணம் கொடுத்த நிறுவனம் ஃபுல் இன்சூரன்ஸ் கேட்கும், தவணை முடியும்வரை அது இருக்கும். கடன் கொடுத்தவரின் பணத்தைக் காப்பதற்காகவே அது வந்தது. தவணை முடிந்த அடுத்த மாதமே பலர் மூன்றாம் தரப்புக்கு இறங்குவதைப் பார்க்கிறோம். வண்டி அப்போதும் அதே வண்டி, ஓடுவதும் அதே பலாலி வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும்தான்.

ஃபுல் இன்சூரன்ஸில் தொடர்பவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் புது ஸ்கூட்டி வராததால் பழைய ஸ்கூட்டியின் விலை, அது புதிதாக இருந்தபோது விற்ற விலையைத் தாண்டி ஏறியது. ஆனால் பலரின் உடன்படிக்கையில் பழைய பெறுமதியே இருந்தது. கட்டணம் கூடிவிடும் என்று மாற்றவில்லை, யாரும் மாற்றச் சொல்லவுமில்லை. ஒரு கணக்குப் பார்ப்போம். சந்தையில் 6 இலட்சம் பெறுமதியான ஸ்கூட்டியை 3 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். விபத்தில் 80,000 ரூபா சேதம். காப்புறுதி 3 இலட்சம் இருக்கிறதே, 80,000 முழுதாக வரும் என்று நினைப்போம். வராது. பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே பாதிச் சேதம், 40,000 ரூபாதான் என்பார்கள். உடன்படிக்கையில் உங்கள் பங்கு என்று எழுதிய முதல் தொகையும் அதிலிருந்து கழியும். குறைவாகக் கட்டியவருக்குக் குறைவாகக் கொடுப்பது கணக்கின்படி சரி என்பதை ஏற்கிறேன். ஆனால் புதுப்பிக்கும் நாளில் பெறுமதியைக் கேட்டுத் திருத்துவதை நிறுவனத்தின் கடமையாக ஆக்கவேண்டும். சந்தை விலையை அன்றாடம் அறிந்தவர்கள் அவர்கள்.

இறக்குமதி திறந்தபின் விலை மறுபக்கம் அசையும்போதும் இதே கவனம் வேண்டும். பெறுமதியைக் கூட்டிப் போட்டால் கூடக் கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. வண்டி களவு போனால் அன்றைய சந்தைப் பெறுமதிக்கு மேல் வராது, மேலதிகமாகக் கட்டிய கட்டணம் வீண்.

கடைசியாகப் பழைய வண்டிகள். இதில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. 1990இன் பின் பெற்றோல் தடையாயிருந்த காலத்தில் இங்கே வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஹொண்டா எம்.டி. 90, ஃபிப்டி, சாலி போன்றவை அந்த நெருப்புக்காலத்தைத் தாண்டி வந்தவை. இன்னும் பழைய வெஸ்பாவும் லம்பிறெற்றாவும் சில வீடுகளில் துடைத்துப் பராமரிக்கப்படுகின்றன. சிலவற்றின் இலக்கத் தகட்டில் இன்றும் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கிறது. 1957இல் அந்த எழுத்து தகடுகளில் ஏறியபோது தமிழரசுக் கட்சி எதிர்த்துப் போராடிய மண்ணில் அதைக் காணும்போது எனக்கு எப்போதும் ஒரு கணம் நடை நிற்கும்.

இந்த வண்டிகளைக் காப்புறுதிக் கணக்கு கிழட்டு இரும்பாகத்தான் பார்க்கிறது. வயது கூடக் கூடப் பெறுமதி குறையும் என்பது அதன் அடிப்படை. பத்து வயது டியோ ஸ்கூட்டிக்கு அது பொருந்தும். அறுபது வருட லம்பிறெற்றாவுக்குத் தலைகீழ். பல நிறுவனங்கள் இத்தகைய வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் தரவே தயங்குகின்றன. பிரித்தானியாவில் இதற்கு இணங்கிய பெறுமதி என்ற முறை இருக்கிறது. படங்களும் மதிப்பீட்டறிக்கையும் கொடுத்து ஒரு தொகைக்கு இரு தரப்பும் முதலிலேயே உடன்படுவார்கள். வண்டி முற்றாக அழிந்தால் அந்தத் தொகை வரும். வருடத்தில் குறைந்த மைல்கள்தான் ஓடுவேன் என்று எழுதிக்கொடுத்தால் கட்டணமும் குறையும். லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு இது தெரியும். இங்கே அதைக் கேட்பவர் குறைவு, கொடுப்பவரும் குறைவு.

பழைய வண்டியில் இதைவிட ஆழமான சிக்கல் பெயர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமமே ஒரே இரவில் எழுந்து நடந்தது. எத்தனையோ வீட்டுப் பத்திரங்கள் அதில் தொலைந்தன. பிறகு வண்டிகள் பெயர் மாற்றாமல், ஓப்பின் பேப்பரில் கைமாறின. பதிவில் உள்ளவர் கனடாவில் இருப்பார், அல்லது உயிரோடு இல்லை. மூன்றாம் தரப்பு அட்டை எப்படியோ கிடைத்துவிடும். பெரிய தொகை கோரும் நாளில்தான் உரிமையாளர் யார் என்ற கேள்வி எழும். போர் ஆபத்து வழமையான வாகனக் காப்புறுதியில் சேராது என்பதால், அந்தக் காலத்தில் வண்டியை இழந்தவர்களுக்குக் காப்புறுதி மேல் வந்த அவநம்பிக்கை எனக்குப் புரிகிறது. அந்த அவநம்பிக்கையை இன்று பிள்ளைகளுக்குக் கைமாற்றுவதை மட்டும் ஏற்கமுடியாது.

என் தீர்ப்பு இது. கட்டாயம் என்ற அடித்தளம் பலமானது, அதைத் தளர்த்தக்கூடாது. அதன் மேல் எழுப்பியதெல்லாம் வண்டியின் விலையைச் சுற்றியே இருப்பது குறை. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, இருசக்கர வண்டிகளின் மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு, பயிலுநர் உட்பட ஓட்டுபவருக்கான தனிநபர் விபத்துக் காப்பையும் கட்டாயமாக்கவேண்டும். அதுவரை, அடுத்த முறை முகவரிடம் போகும்போது ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் விபத்துக் காப்பு உண்டா, எல் போட்டில் ஓட்டினால் செல்லுமா என்று கேட்டு விடையை எழுத்தில் வாங்குங்கள். வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நிறுவனம் மறுத்தது நியாயமில்லை என்று பட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை.