சிதையும் சிலுவையும்: ‘பாகுபலி’யின் முடிவைக் குறித்து ஒரு திறனாய்வு

திரைப்படம் ஒன்றின் முடிவுக் காட்சியை இறையியல் இதழில் ஆராய்வது தகுமோ என்று சிலர் வினவலாம். தகும் என்பதே எமது துணிபு. மக்கள் எதைக் கண்டு அழுகின்றனரோ, அதில் அவர்கள் எதை நம்புகின்றனர் என்பது வெளிப்படுகின்றது. ஜோலார்பேட்டையை அடுத்த ஒரு சபையின் வாலிபர் கூட்டத்தில், அருளுரையாற்றிய போதகர் ஒருவர் கட்டப்பாவை உண்மையுள்ள ஊழியனுக்கு உவமையாக எடுத்துக்காட்டினார். கூட்டம் முடிந்தபின், தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் எம்மை அணுகி, “ஐயா, கடைசியில் கட்டப்பாவுக்கு விடுதலை கிடைத்ததா?” என்று கேட்டார். உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

எஸ். எஸ். இராஜமௌலி இயக்கிய இக்கற்பனைக் கதை தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே எடுக்கப்பட்டது. முதற் பாகம் 2015 ஜூலை 10ஆம் நாளும், இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28ஆம் நாளும் வெளிவந்தன. கட்டப்பா பாகுபலியைக் கொன்றது ஏன் என்னும் வினாவோடு முதற் பாகம் முடிந்தமையால், ஏறத்தாழ ஈராண்டுக் காலம் மக்கள் விடைக்குக் காத்திருந்தனர். விடை இதுவே: பல்லாளதேவனும் அவன் தந்தையும் செய்த சூழ்ச்சியில் மயங்கிய இராஜமாதா சிவகாமி, தான் வளர்த்த மகனைக் கொல்லக் கட்டளையிடுகிறாள். கட்டப்பா மறுக்கிறான். நீ செய்யாவிடில் நானே செய்வேன் என்கிறாள் அவள். தாயின் கை மகனின் குருதியால் கறைபடலாகாது என்று, தன்னை மாமா என்றழைத்து வளர்ந்தவனைக் கட்டப்பா பின்னின்று வாளால் குத்துகிறான்.

இக்காட்சி நெஞ்சை உருக்குவது என்பதில் ஐயமில்லை. 2007இல் பெரியாராக நடித்த சத்யராஜே, பிறவி அடிமையின் துயரத்தையும் இத்துணை நுட்பமாகக் காட்டியிருப்பது வியப்புக்குரியது. ஆயினும் கதை அவ்வடிமைத்தனத்தை எவ்வாறு மதிப்பிடுகிறது என்பதே நமது வினா. முதற் பாகத்தில் ஆயுத வணிகன் அஸ்லம் கான் அவனை விடுவிக்க முன்வருகிறான். முன்னோர் அரியணைக்கு அளித்த வாக்கைக் காட்டி அவன் மறுத்துவிடுகிறான். அம்மறுப்பு பெருமைக்குரியதாகவே காட்டப்படுகிறது. அதே வாக்கே பின்னர் குற்றமற்றவனைக் கொல்லும் வாளாகிறது என்பதைக் கதை அறிந்திருந்தும், வாக்கைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. சூழ்ச்சிக்காரர் மீதே பழி முழுவதும் விழுகிறது.

வேதாகமம் இத்தகைய வாக்குகளை அறியாததன்று. யெப்தாவின் பொருத்தனை அவன் மகளைப் பலிகொண்டது (நியாயாதிபதிகள் 11). ஏரோதின் ஆணை யோவான் ஸ்நானனின் தலையைக் கொய்தது (மாற்கு 6). இவ்விடங்களில் வாக்குத் தவறாமை புகழப்படவில்லை. மனிதரைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிதல் என்னும் அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தின் அளவுகோலால் அளந்தால், கட்டப்பாவின் முதல் மறுப்பே அவனுடைய உண்மையான ஊழியம். பின்வந்த கீழ்ப்படிதல் அவனது வீழ்ச்சி.

இனி, இறுதிக் காட்சிக்கு வருவோம். தேவசேனா இருபத்தைந்து ஆண்டுகள் சங்கிலியில் கிடந்து சுள்ளி பொறுக்குகிறாள். அச்சிதையில் பல்லாளன் உயிரோடு எரிகிறான். அவளது நீதிக்கான கூக்குரலை எளிதாகக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. பலிபீடத்தின் கீழிருக்கும் ஆத்துமாக்களும் அவ்வாறே கூப்பிடுகின்றன (வெளிப்படுத்தின விசேஷம் 6). ஆனால் நீதியும் பழிவாங்கலும் ஒரே நெருப்பில் கலந்துவிடும்போது, பழிவாங்குதலைத் தேவனுக்கு விட்டுவிடச் சொல்லும் ரோமர் 12ஆம் அதிகாரத்திற்கு அங்கே இடமில்லாமற் போகிறது. பின்னர் மகேந்திர பாகுபலி முடிசூடுகிறான். பல்லாளனது சிலையின் தலை அருவியில் வீழ்கிறது. கட்டப்பாவின் குலத்தைப் பிணித்த வாக்கு அவிழ்க்கப்பட்டதாக ஒரு சொல்லும் இல்லை. அரசன் மாறினான், அடிமை மாறவில்லை. இளைஞரின் வினாவிற்கு விடை இதுதான்.

மேலைநாட்டு மாயக்கதை ஒன்றை ஒப்பிடுவோம். 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்களாக வந்த ஹாரி பாட்டர் தொடரின் முடிவில், நாயகன் ஆயுதத்தை ஏந்தாமல் தன்னைக் கொல்ல வருபவனிடம் தானே செல்கிறான். மூலநாவலில் அவன் பெற்றோரின் கல்லறையில் 1 கொரிந்தியர் 15:26 பொறிக்கப்பட்டுள்ளது. விடுதலை பெற்ற அடிமையான டாபி இறந்தபோது, நாயகன் தன் கைகளாலேயே குழி தோண்டி அடக்கம் செய்கிறான். ஆயினும் இங்கும் ஒரு குறை உண்டு. நாவலில் நாயகன் இறுதிப் போரின்போது பகைவனை மனம் வருந்தும்படி அழைக்கிறான். திரைப்படமோ அவ்வழைப்பை விட்டுவிட்டுச் சண்டையை நீட்டுகிறது. மனந்திரும்புதலைவிட அழிவே கண்ணுக்கு விருந்து என்னும் எண்ணம் கீழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆயினும் முன்பணக் கடனால் தலைமுறை தலைமுறையாகப் பிணிக்கப்பட்டோரின் நினைவு நம் சபைகளில் இன்னும் ஆறாத புண்ணாக உள்ளது. அச்சபையாரிடம், பாட்டன் கொடுத்த வாக்குக்காகப் பேரன் அடிமையாயிருப்பது தேவபக்தி என்று பிரசங்கிப்பது எவ்வளவு பெரிய கொடுமை! பவுல் ஒநேசிமுவை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்கும்படி பிலேமோனை வேண்டினார். இயேசு தம் சீடரை ஊழியர் என்னாமல் சிநேகிதர் என்றார் (யோவான் 15:15). ஜோலார்பேட்டைக்கு அண்மையிலுள்ள திருப்பத்தூரில், 1921இல் மருத்துவர்களான சவரிராயன் இயேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் நிறுவிய ஆசிரமம் ‘கிறிஸ்துகுலம்’ என்று பெயர்பெற்றது. ஆளும் இனத்தவரும் ஆளப்பட்ட இனத்தவரும் ஒரே குலமாக வாழக்கூடும் என்பதற்கு அப்பெயரே சாட்சி.

படத்தைப் புறக்கணியுங்கள் என்று நாம் கூறவில்லை. பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு பொறாது அரியணையை இழந்து, எளியவரோடு வாழ்ந்த அமரேந்திரனைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். ஆனால் கட்டப்பாவை உவமையாக்குமுன், அவன் கழுத்தில் கிடக்கும் வளையத்தைப் போதகர் ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும். அதைக் கழற்றாத முடிவு எத்துணைக் கண்ணீர் வரவழைப்பினும் நற்செய்தி ஆகாது.