வழிநூல் மரபும் இணையப் பதிப்புரிமையும்

தோற்றுவாய்

தாம்பரத்திற்குக் கிழக்கே அமைந்த சேலையூர், முன்னாளில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர். 1937-ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்தபின், அதன் மாணவர் இல்லங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கி நின்றது. இன்று இவ்வூரிலும் அடுத்துள்ள ஊர்களிலும் தங்கிப் பயிலும் மாணாக்கர் பலர். அவர்தம் கைப்பேசிகளில் நாள்தோறும் உலவுவனவற்றை யாம் நோக்குகின்றோம். திரைப்பாட்டின் மெட்டில் புதுச்சொல் அமைத்த நகைப்பாட்டு ஒன்று. நடிகர் வடிவேலுவின் முகத்தின்கீழ்த் தேர்வு அச்சத்தை எழுதிய ‘மீம்’ ஒன்று. பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியாக ஒரு வாசகர் எழுதிவரும் கதை ஒன்று. இவற்றை ஆக்குவோருள் பெரும்பாலோர் பொருள் கருதாதவர். தாம் விரும்பிய படைப்பினைத் தாமும் தொட்டுப் பார்க்கும் வேட்கையினர்.

இவை திருட்டோ, அன்றி வழிநூலோ? சட்டத்தார்க்குரிய இவ்வினா தமிழாராய்ச்சிக்கும் உரியது என்பது எம் கருத்து. ஒருவர் படைப்பிலிருந்து மற்றொருவர் படைப்புத் தோன்றும் முறையைப்பற்றி ஆழ எண்ணிய மரபு நம்முடையது ஆதலின், அம்மரபின் துணைகொண்டு இன்றைய சட்டத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வழிநூல் இலக்கணம்

தொல்காப்பியர் மரபியலில் நூலினை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்தார். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலை நால்வகைப்படுத்தினார். நன்னூலார் சார்புநூல் என ஒன்றனையும் கூட்டி மூவகையாக்கினார். வழிநூல் செய்வோன் முதல்நூலின் முடிபோடு ஒத்துச் செல்லவேண்டும். எனினும் தான் கருதிய வேறுபாட்டையும் அதன்கண் அமைக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. வேறுபாடு இல்லாதது வழிநூல் ஆகாது. அது வெறும் படியே.

மற்றொரு கட்டளையும் உண்டு. சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய எட்டனுள் ‘வழி’ என்பதும் ஒன்று. இந்நூல் எதனை முதலாகக் கொண்டு வந்தது என்பதை முகப்பிலேயே அறிவித்தல் ஆசிரியன் கடமையாயிற்று. கம்பர் தம் காப்பியத்தின் தொடக்கத்தில் வான்மீகியாரை முதலாகக் கொண்டமையை உணர்த்துகின்றார். 1891-இல் மனோன்மணீயத்தை வெளியிட்ட சுந்தரம் பிள்ளை, ஆங்கிலக் கவிஞர் லிட்டன் இயற்றிய கதையொன்றே தம் நாடகத்திற்கு முதல் என்பதை மறைத்திலர். நாடகக் கம்பெனிகளின் பாட்டுப் புத்தகங்களிலும் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என அச்சிடும் வழக்கம் இருந்தது. காலணா விலைப் புத்தகத்திலும் பாயிர மரபு வாழ்ந்தது என்க.

ஆகவே, நம் மரபு வழிநூலை இரண்டு வினாக்களால் அளந்தது: வழி கூறப்பட்டதா? வேறுபாடு செய்யப்பட்டதா? இவ்விரண்டும் அமையின் அது நூல், அமையாவிடின் களவு.

சட்டத்தின் நோக்கு

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அது முதற்கண் எழுப்பும் வினா வேறு: இப்பொருள் யாருக்கு உடைமை? எழுத்தாளர் வாழ்நாளோடு அவர் மறைந்தபின் 60 ஆண்டும், திரைப்படமாயின் வெளிவந்தபின் 60 ஆண்டும் உரிமை நிலவும். படியெடுத்தல், தழுவல், மொழிபெயர்த்தல், பொதுமக்கட்கு வழங்கல் ஆகிய யாவும் உரிமையாளர் இசைவின்பாற்பட்டன. திரைப்படத்தின் ஒரு காட்சியை ஒற்றைப் படமாக எடுத்தலும் அவ்வுரிமையுள் அடங்கும் எனச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு வெளிப்படையாகக் கூறுகின்றது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 2001-இல் வெளிவந்த ‘பிரண்ட்ஸ்’ என்னும் திரைப்படத்தில் நேசமணி என்னும் வேலை ஒப்பந்தக்காரராக வடிவேலு நடித்தார். அவர் தலைமேல் சுத்தியல் விழும் நகைக்காட்சி ஒன்று அதில் உண்டு. 2019 மே மாதத்தில், அந்நிகழ்ச்சி அன்றுதான் நடந்ததுபோற் பாவித்து, நேசமணி நலம்பெற வேண்டுமென மக்கள் இணையத்தில் எழுதத் தொடங்கினர். தமிழறியாதாரும் அவ்வேண்டுதலில் கலந்துகொண்டனர். இதனைத் திறனாய்வுக் கண்கொண்டு நோக்கின், வேறுபாடு தெளிவாகப் புலப்படும். பெரியோர் நோயுற்றபோது எழும் பொது வேண்டுதலின் நடையை ஒரு கற்பனைத் தொழிலாளிக்கு ஏற்றி நகையாக்கியது இவ்வாக்கம். முதற்காட்சியில் இல்லாத புதுப்பொருள் இது. எனினும், சட்டத்தின் சொற்களை அவ்வாறே கொள்ளின், அப்படத்தின் ஒரு காட்சியை ஒட்டிப் பரப்பிய ஒவ்வொருவரும் 2061-ஆம் ஆண்டு முடியும்வரை பிறர் உடைமையைத் தொட்டவரேயாவர்.

சட்டத்தில் விலக்குகள் இல்லாமல் இல்லை. 52-ஆம் பிரிவு, தனிப்பயன், ஆராய்ச்சி, திறனாய்வு, மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகியவற்றின்பொருட்டு நேர்மையாக எடுத்தாளுதலை விலக்கியுள்ளது. இவ்விலக்கின் எல்லையைக் கேரள உயர்நீதிமன்றம் 1996-இல் ஒரு வழக்கில் விரித்துக் காட்டிற்று. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்திற்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரன், முதல் நாடகத்தின் மாந்தரையும் உரையாடலையும் எடுத்தாண்டார். அவர் நோக்கம் அந்நாடகத்தையும் அது போற்றிய இயக்கத்தையும் திறனாய்தலே எனக் கண்ட நீதிமன்றம், அதற்குத் தடை விதித்திலது. எதிர்த்து எழுதுவோனுக்கு இவ்வாறு வழி திறந்தது. ஆயின், விரும்பி எழுதுவோனுக்கு? அன்பினால் தொடர்கதை புனைவோன் திறனாய்வாளன் அல்லன், செய்தியாளனும் அல்லன். அவனுக்குரிய சொல் ஒன்றும் அப்பிரிவில் இல்லை. பகைவனுக்கு உள்ள இடம் அன்பனுக்கு இல்லாமை வியப்பன்றோ?

பொன்னியின் செல்வன் காட்டும் உண்மை

வழிநூல் தழைத்தற்கு உரிய சூழல் யாது என்பதைக் கல்கியின் பொன்னியின் செல்வன் வரலாறு காட்டுகின்றது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டான் என்பது உடையார்குடிக் கல்வெட்டால் அறியப்படும் உண்மை. அக்கொலையின் மருமத்தைக் கல்கி முற்றும் அவிழ்த்து வைத்திலர். நாவலின் இறுதியிலும் மாந்தர் பலர் நடுவழியில் நிற்கின்றனர். இவ்விடைவெளியே வாசகரைப் படைப்பாளர் ஆக்கிற்று. கல்கி மறைந்தபின் விக்கிரமன் எழுதிய ‘நந்திபுரத்து நாயகி’ அவ்விடைவெளியில் எழுந்த தொடர்ச்சியே. பின்வந்தோர் பலரும் அவ்வழியில் நடந்தனர்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. வந்தியத்தேவனும் குந்தவையும் கல்வெட்டில் உள்ளோர். நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் உள்ளத்தில் பிறந்தோர். கருத்தும் வரலாற்றுச் செய்தியும் எவர்க்கும் தனியுடைமை ஆகா என உச்சநீதிமன்றம் 1978-இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உரைத்தது. ஆகவே, வந்தியத்தேவனைப் பற்றி எவரும் எழுதலாம். கல்கி படைத்த நந்தினியைத் தொடர்வோனோ உரிமை வினாவைச் சந்தித்தே தீரவேண்டும். இலக்கியத்தில் இவ்விருவரும் ஒரே கதையின் இரு கண்கள். சட்டத்தில் ஒருவர் பொதுநிலம், மற்றவர் வேலியிட்ட தோட்டம்.

1990களின் இறுதியில் தமிழக அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியபின் அவ்வேலி நீங்கிற்று. முன்னரே பாரதியார் பாடல்களில் இவ்வுண்மை விளங்கியது. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை திரைப்பட நிறுவனம் ஒன்றன் கையில் இருந்தமையால், 1948-இல் வந்த ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றது பூசலுக்கு ஏதுவாயிற்று. 1949-இல் அரசு உரிமையைப் பெற்றது; பின்னர்ப் பாடல்கள் மக்கள் அனைவர்க்கும் உரியன ஆயின. கல்கி செய்தியிலும் அவ்வாறே. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள், உலகின் பல நாடுகளிலிருந்தும் தட்டெழுதிப் பொன்னியின் செல்வனை யாவர்க்கும் இலவசமாக வழங்கினர். 2022, 2023 ஆண்டுகளில் திரைப்படம் இரு பகுதியாக வந்தபோது, நூலை முன்னரே அறிந்த ஒரு பெருங்கூட்டம் காத்திருந்தது. உரிமையைத் திறந்துவிட்டமையால் முதல்நூல் தேய்ந்ததா? இல்லை, வளர்ந்தது.

எனினும் வேலி முற்றும் நீங்கிவிடவில்லை. நாட்டுடைமையானது கல்கியின் எழுத்தே. ஓவியர் மணியம் தொடருக்கு வரைந்த ஓவியங்கள் தனிப்படைப்பு. திரைப்படத்தின் காட்சியும் இசையும் வேறு உடைமை. வந்தியத்தேவனைத் தன் மனக்கண்ணால் வரையும் சேலையூர் மாணவனுக்கு அச்சமில்லை. திரையில் கண்டவாறு படியெடுப்பின் அச்சம் உண்டு. ஒரே மாந்தனின் சொல்லுருவம் பொது, கண்ணுருவம் தனி என்னும் இந்நிலையை இளைஞர்க்கு உணர்த்துவார் இலர்.

பொறியின் தீர்ப்பு

இச்சிக்கல் நீதிமன்றத்தில் தீர்க்கப்படுமாயின் ஆராய்ச்சிக்கு இடமிருக்கும். இணையத்திலோ முதல் தீர்ப்பளிப்பது பொறி. யூடியூப் நிறுவனம் 2007 முதல் கையாளும் முறையில், உரிமையாளர் கொடுத்த ஒலி, காட்சி மாதிரிகளோடு ஏற்றப்படும் ஒவ்வொன்றும் ஒப்பிடப்படுகின்றது. ஒப்பின் தடுக்கலாம், அன்றி வருவாயை உரிமையாளர்பால் திருப்பலாம். முறையீட்டின்பேரில் மூன்று எச்சரிக்கை பெற்றவர் தம் ஆக்கம் முழுவதையும் இழக்க நேரிடும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், முறையிட்டவர் 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை பெறாவிடின் நீக்கியதை மீளத் தரலாம் என வகுத்தது. ஆயின் நிறுவனங்கள் தம் சொந்த விதிகளாலேயே பெரிதும் ஒழுகுகின்றன. பொறி ஒப்புமையை அறியும்; வேறுபாட்டை அறியாது. வழி கூறப்பட்டதா என்றும் அது வினவாது. ஆகவே, நம் மரபின் இரு வினாக்களுக்கும் அங்கு இடமில்லை. பல்லாண்டு உழைப்பு ஒருநாளில் மறையக் கண்ட இளைஞன் வழக்காட வழியின்றி எழுதுவதையே விடுவான். இழப்பு அவனுக்கு மட்டுமன்று, மொழிக்கும்தான்.

மறுப்பும் விடையும்

‘படைப்பாளனின் உழைப்பை எவரும் எடுத்தாளலாமோ?’ என வினவுவார்க்கு யாம் மாறுபடோம். திரைப்பாட்டாசிரியரும் இசையமைப்பாளரும் நெடுங்காலம் தம் பங்கினை இழந்து நின்றனர்; 2012-ஆம் ஆண்டுத் திருத்தமே அவர்க்கு உரிய பங்கினை உறுதிசெய்தது. இளையராஜா 2017-இல் மேடை இசைச்சுற்றுலாப் பற்றியும், 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ திரைப்படம் பற்றியும் அறிவிப்பு அனுப்பியபோது எழுந்த வினா, கட்டணமும் வாணிகமும் உடைய பயன்பாட்டைப் பற்றியது. அவ்வினா நியாயமானது. ஆயின், விடுதி அறையில் அப்பாட்டைப் பாடி ஏற்றும் மாணவியையும் அதே அளவுகோலால் அளத்தல் தகாது.

இவ்வேறுபாட்டைச் சட்டம் அறியாததும் அன்று. தண்டனை கூறும் 63-ஆம் பிரிவு, வாணிக ஊதியம் கருதாது செய்த மீறலுக்குத் தக்க காரணம் கூறித் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்திற்கு இடந்தருகின்றது. குற்றத்தை அளக்கும்போது மறந்த வேறுபாட்டைத் தண்டனையை அளக்கும்போது நினைவுகூர்தல் முறையோ? கனடா நாடு 2012-இல் தன் சட்டத்தைத் திருத்தி, வாணிக நோக்கமின்றி மக்கள் ஆக்கும் வழிப்படைப்புக்குத் தனி விலக்கு அளித்தது. இயன்றவிடத்து மூலத்தைச் சுட்டவேண்டும். முதற்படைப்பின் வருவாய்க்குப் பெருங்கேடு செய்தல் கூடாது என்பன அதன் நிபந்தனைகளுட் சில. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இணைய நிறுவனங்களின் பொறுப்பை மிகுவித்தபோதும், நகைப்போலியும் கேலிச்சித்திரமும் தடைப்படலாகாது என விதித்தது. மூலத்தைச் சுட்டுக என்னும் கனடாவின் நிபந்தனை நம் பாயிரத்து ‘வழி’யே அன்றோ?

முடிவுரை

யாம் வேண்டுவது உரிமையை ஒழித்தல் அன்று. வழிநூலுக்கு ஓர் இடம் அமைத்தல். ஊதியம் கருதாமை, வழி கூறல், வேறுபாடு செய்தல், முதற்படைப்பின் சந்தையைக் கெடாமை என்னும் நான்கும் அமைந்த ஆக்கத்தை 52-ஆம் பிரிவின் விலக்குகளுள் ஒன்றாக்குதல் தகும். பொறியின் தீர்ப்பை மாந்தர் ஒருவர் மீளாராயும் முறையும் வேண்டும். அதுவரை, தமிழ்த்துறைகள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தம் ஆக்கத்தின் முகப்பில் முதற்படைப்பையும் படைத்தோரையும் குறிக்கும் பழக்கத்தை மாணாக்கர்க்குக் கற்பித்தல் அது. சட்டம் அவர்க்கு இன்னும் இடந்தரவில்லை. எனினும் பாயிரம் எழுதக் கற்ற கை களவு செய்யும் கை அன்று என்பதை அவர் உலகிற்கு உணர்த்தலாம்.