பெண்டு எடுத்தால் போதுமா?

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, ஃபோர்க்கில் கட்டைவிரலை ஊன்றி, ரிம் எந்த இடத்தில் நகத்தை உரசுகிறது என்று பார்க்கும் கடைக்காரரைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. உரசும் இடத்தில் கம்பியை ரிம்மோடு பிணைக்கும் நிப்பிளை முறுக்குவார்; பக்கத்து நிப்பிளைக் கொஞ்சம் இளக்குவார். பத்து நிமிடத்தில் பெண்டு போய்விடும். ஸ்டாண்டும் கிடையாது, அளவுக்கருவியும் கிடையாது. ‘பெண்டு நிமிர்த்திவிடுவேன்’ என்று யாராவது மிரட்டினால் இந்தக் காட்சிதான் கண்ணில் வரும்.

வெறும் ரிம், ஒரு ஹப், ஒரு கட்டு ஸ்போக்ஸ் கம்பி என்ற நிலையிலிருந்து தொடங்கினால் இதே வேலை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனிக் கைத்தொழில். ‘கையால் கட்டிய சக்கரம்’ என்பது அங்கே விலையை ஏற்றும் சொல். அந்தப் புகழில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மெருகு?

மாட்டுவண்டிச் சக்கரத்தில் கணக்கு எளிது. குடத்தில் இறங்கும் பாரத்தை அடியில் இருக்கும் ஆரக்கால் தூண்போலத் தாங்கி வட்டைக்குக் கடத்துகிறது. சைக்கிள் கம்பியோ 2 மில்லிமீட்டர் தடிமன். நிறுத்தி வைத்து அழுத்தினால் வளைந்துவிடும். அதனால் அதை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. பாரிஸில் ஏழேன் மேயர் 1869இல் இழுகம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கோவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1870இல் ‘ஏரியல்’ வண்டிக்குப் பெற்றார். கம்பிகள் ஹப்பிலிருந்து நேராகப் பாயாமல், சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கிடும் ஏற்பாட்டுக்கு 1874இல் ஸ்டார்லியே மறுபடி காப்புரிமை வாங்கினார். இன்று தெருவில் ஓடும் பெரும்பாலான சைக்கிள்கள் அந்த ஏற்பாட்டைத்தான் நம்பி ஓடுகின்றன.

இழுத்துக் கட்டிய கம்பி பாரத்தை எப்படித் தாங்குகிறது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. ஹப் மேல்கம்பிகளில் தொங்குகிறது என்றே பலர் நம்பினர். அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981இல் வெளிவந்த ‘தி பைசைக்கிள் வீல்’ நூலில் கணினிக் கணக்கைக் கொண்டு வேறொன்றைக் காட்டினார். பாரம் ஏறும்போது மேல்கம்பிகளின் இழுப்பு அநேகமாக மாறுவதில்லை. தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகளின் இழுப்பு மட்டும் குறைகிறது. ஆகவே சக்கரம் அடிக்கம்பிகளின் மேல்தான் ‘நிற்கிறது’ என்றார் அவர். இந்தச் சொல்லை ஒப்பாத பொறியாளர்கள் உண்டு. அந்த வழக்கில் பாதி சொற்சண்டை என்பதால் அதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

சக்கரம் கட்டுபவருக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றுதான். முன்கூட்டியே போட்ட இழுப்பு போதாமல் அடிக்கம்பி தொய்ந்துபோனால், அந்த இடத்தில் ரிம்மைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பிறகு ஒரு பள்ளமும் ஒரு திருப்பமும் போதும். சக்கரம் பொரித்த அப்பளமாக நெளிந்துவிடும். நல்ல முன்சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 100 கிலோ பாரத்துக்குச் சமமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. 32 கம்பிக்குக் கூட்டினால் 3,200 கிலோ. அரைக் கிலோ எடையுள்ள அலுமினிய வளையம் மூன்று டன்னுக்கு மேற்பட்ட இழுப்பைச் சுமந்துகொண்டு சாதுவாகச் சுழல்கிறது.

கம்பி அறுவது பெரும்பாலும் அடிபட்டு அல்ல, களைத்துப்போய். பந்தய சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 475 சுற்று. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு கம்பியும் 47 லட்சம் முறை தளர்ந்து இறுகுகிறது. ஹப்பில் மாட்டும் கொக்கி வளைவில்தான் முதல் விரிசல் விழும். ஆலையில் அந்த வளைவைக் குளிர்நிலையில் வளைக்கும்போதே உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. சக்கரத்தில் போடும் இழுப்பு அதன் மேல் போய் ஏறுகிறது.

இதற்குக் கைத்தொழில் கண்ட மருந்து விலையே இல்லாதது. கட்டி முடித்ததும், அருகருகே உள்ள கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து அழுத்திப் பிசைய வேண்டும். அந்த ஒரு கணம் இழுப்பு எகிறும். வளைவில் அளவு மீறி இறுகியிருந்த இடங்கள் கொஞ்சம் இளகி அமரும். உள்ளே தேங்கிய இறுக்கம் குறையும். கம்பி முறுக்கிக்கொள்வதும் இப்படித்தான் சரியாகிறது. நிப்பிளைத் திருகும்போது கம்பியும் கூடவே திருகிக்கொள்ளும். அதை விடுவிக்காத சக்கரம் முதல் சவாரியில் ‘டிங், டிங்’ என்று தானே அவிழ்ந்து, போன பெண்டைத் திரும்பக் கொண்டுவரும்.

கையின் இன்னொரு பலம் காது. ஒரே தடிமனும் ஒரே நீளமும் உள்ள கம்பிகள் ஒரே இழுப்பில் ஒரே சுருதியில் ஒலிக்கும். மிருதங்கக்காரர் விளிம்பைச் சுற்றிலும் கல்லால் தட்டி எல்லாப் பக்கமும் சுருதி சேர்ப்பதுபோல, தேர்ந்த சக்கரக்காரர் கம்பிகளை மீட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். ரிம் நேராக இருந்தும் ஒரு கம்பி கட்டையாக ஒலித்தால், அதன் பங்கைப் பக்கத்துக் கம்பி சுமக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறையை மலிவான ஆலைச் சக்கரங்களில் அடிக்கடி பார்க்கலாம். இழுப்பு குறைவாகவும் சமமில்லாமலும் இருக்கும். பிசைந்து விடவும் யாரும் இருப்பதில்லை.

இதுவரை சொன்ன எதிலும் ‘கை’ என்ற சொல் அவசியமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போதிய இழுப்பு, சமமான இழுப்பு, இறுக்கம் போக்குதல்: இவை மூன்றும் நேரம் கேட்கும் வேலைகள், விரல்ரேகை கேட்கும் வேலைகள் அல்ல. நெதர்லாந்தின் ஹாலண்ட் மெக்கானிக்ஸ் போன்ற நிறுவனங்களின் தானியங்கிகள் ரிம்மின் பக்கவாட்டு நெளிவையும் மேல்கீழ் நெளிவையும் அளந்து நிப்பிள்களைத் தாமே திருகுகின்றன. மலிவுச் சக்கரம் கெட்டுப்போவதற்குக் காரணம் இயந்திரம் அல்ல, அதற்கு ஒதுக்கும் நிமிடங்கள். அவசரக்காரர் கையால் கட்டினாலும் அதே கதிதான். வாங்குபவர் அதைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல: இழுப்பு எவ்வளவு என்று எழுதித் தருபவர் சிலர், ‘நம்பி ஓட்டுங்கள்’ என்பவர் பலர்.

நம்பிக்கை இருக்கும் இடத்தில் சடங்கும் சேர்ந்துவிடுகிறது. கம்பிகள் குறுக்கிடும் இடத்தை மெல்லிய கம்பியால் சுற்றிப் பற்றவைத்தால் சக்கரம் விறைப்பாகும் என்று பந்தயக்காரர்கள் தலைமுறைகளாக நம்பினார்கள். பிராண்ட் அதைச் சோதித்துப் பார்த்தார். அளக்கத்தக்க மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. அவர் வாக்கும் வேதமல்ல. ரிம் நெளியும்வரை இழுப்பை ஏற்றி, பிறகு நிப்பிளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. கம்பி எண்ணிக்கை கூடிய பழைய ரிம்களுக்கு அது பொருந்தியது. இன்றைய இலேசான ரிம்மில் அப்படிச் செய்தால் நிப்பிள் துளையைச் சுற்றி விரிசல் விடும். எல்லா மருந்தையும்போல இழுப்புக்கும் அளவு உண்டு.

கைத்திறன் மாற்ற முடியாத எல்லை பின்சக்கரத்தில் இருக்கிறது. வலப்பக்கம் பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன. இடப்பக்கத்துக் கம்பிகள் சாய்ந்து நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் இடப்பக்க இழுப்பு வலப்பக்கத்தில் பாதியை ஒட்டியே இருக்க முடியும். கியர் கூடக் கூட இந்த ஏற்றத்தாழ்வும் கூடும். தொய்வான இடப்பக்கத்தில் நிப்பிள்கள் தாமே கழலும், கம்பிகளும் சீக்கிரம் களைக்கும். எந்தக் கை கட்டினாலும் இந்த வடிவக்கணிதம் மாறாது. இடப்பக்கத்துக்கு நடுவில் மெலிந்த கம்பியைத் தேர்ந்தெடுப்பதுதான் செய்யக்கூடியது. மெல்லிய கம்பி அதே இழுப்பில் அதிகம் நீள்வதால் எளிதில் தொய்யாது. தடித்த கம்பிதான் உழைக்கும் என்று கடையில் அடம்பிடிப்பவர் இங்கே ஏமாறுகிறார்.

பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் சைக்கிள்களில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40. பாரம் பின்னால்தான் விழுகிறது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இந்த வகை வண்டிகளின் சக்கரம் உழைத்ததற்கான பெருமையில் பாதி அந்த எண்களுக்குச் சேர வேண்டும்.

எதிர்முனையில் ஆலைகள் தனித்த வடிவங்களை முயன்றன. பிரான்சின் மாவிக் நிறுவனம் அழுத்தத்தையும் தாங்கும் கார்பன் குழல்களைக் கம்பியாக வைத்து ‘ஆர்-சிஸ்’ சக்கரத்தைச் செய்தது. முன்சக்கரங்கள் முறிந்த புகார்களால் 2009இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்காக ஆலைச் சக்கரம் தோற்றுவிட்டதாகவும் சொல்ல முடியாது. கல்பாவிய பாதையில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயம், 32 துளை அலுமினிய ரிம்மைக் கையால் கட்டியவர்களின் கடைசிக் கோட்டையாக இருந்தது. 2010இல் பந்தய வீரர் ஃபேபியன் கான்செல்லாரா ஜிப் நிறுவனத்தின் கார்பன் ரிம் சக்கரத்தில் ஓட்டி அதை வென்றார்.

கைச் சக்கரத்தின் அசைக்க முடியாத பலம் வேறிடத்தில் இருக்கிறது: பழுது பார்க்கும் வசதி. சாதாரணக் கொக்கிக் கம்பி அறுந்தால் சிற்றூர்க் கடையிலும் மாற்று கிடைக்கும். ஆலையின் தனிவகைக் கம்பி அறுந்தால் தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த மாதிரியே நின்றுபோயிருந்தால் ரிம்மும் ஹப்பும் சேர்ந்து குப்பைக்குப் போகும். அதிகச் செலவு செய்ய இந்த ஒரு காரணம் போதும். ‘கைமணம்’ என்பதற்காகச் செலவு செய்யத் தேவையில்லை.

அப்படியானால் தெருவோரக் கடைக்காரரை எங்கே வைப்பது? விரல் நகத்தால் நெளிவை அளக்கும் அவர் கண்ணுக்கு ஈடில்லை. ஆனால் அந்தக் கண் பார்ப்பது நேரை மட்டும்தான்; இழுப்பை அல்ல. அடுத்த முறை பெண்டு எடுக்கக் கொடுத்தால், வண்டியை வாங்குமுன் ஒரே பக்கத்துக் கம்பிகளை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். ஒன்று ‘டிங்’ என்றும் அடுத்தது ‘டொப்’ என்றும் ஒலித்தால், இன்னும் பத்து நிமிடம் அவரை வேலை செய்யச் சொல்லி, அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.