ஸ்டே கம்பியும் பாதி சொன்ன விதியும்

ஹாம் வானொலிக்காரர்களுக்கான ஆன்டெனா கோபுரக் கையேடுகளில் இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வரும். ஸ்டே கம்பியின் நங்கூரம், கோபுர உயரத்தில் 80 சதவீத தூரத்தில் இருக்கணும். கம்பியை அது அறுபடும் விசையில் 10 சதவீதத்துக்கு இழுத்துக் கட்டணும். நல்ல விதிகள்தான். ஏன் என்று சொல்லாமல் விடுவதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

20 மீட்டர் கோபுரம் ஒன்றின் உச்சியில், காற்று 100 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். 16 மீட்டர் தள்ளிக் கட்டிய கம்பி அதைத் தடுக்கும். கூடவே கோபுரத்தை 125 கிலோ கீழ்நோக்கி அழுத்தும். இடம் பத்தலைன்னு 8 மீட்டரில் கட்டினால் அழுத்தம் 250 கிலோ. கம்பியின் இழுவிசையும் சுமார் 160-லிருந்து 270 ஆகிவிடும். தாங்க வந்த கம்பியே கோபுரத்தை வளைத்துவிடலாம்.

இறுக்கக் கட்டினால் நல்லதுதானே என்பதும் தப்பு. அதிக இறுக்கம், காற்று வருமுன்பே ஏற்றி வைத்த பாரம். தொய்வு விட்டால் கோபுரம் ஆடும். 10 சதவீதம் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம்.

இன்னொன்று. நான் படித்த கையேடுகள் கட்டி முடித்த கோபுரத்தைத்தான் அதிகம் கணக்கிடுகின்றன. போலந்தில் 646 மீட்டர் உயரமிருந்த வார்சா வானொலிக் கோபுரம் 1991 ஆகஸ்ட் 8 அன்று விழுந்தது, ஸ்டே கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தபோது. பழைய கம்பியை அவிழ்க்குமுன் தற்காலிகக் கம்பியைக் கட்டு என்ற வரி, அந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மேலே ஏறுகிறவர் உயிர் அதில்தான் இருக்கு.