வீட்டு விலையும் மனித விலையும்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலே மவுண்ட் லாரல் என்றோர் ஊர். வயல்கள் மறைந்து, வசதி படைத்தோரின் புறநகராக அது மாறிவந்த காலம். தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த கறுப்பினத்தாரில் சிலருக்கோ, கோழிக்கொட்டகையைத் திருத்திய குடில்களே வீடு! 36 எளிய வீடுகள் கட்ட இசைவு கேட்டனர். தனி மனையில் தனி வீடுதான் விதி என்று மறுத்தது ஊராட்சி. ஈதல் லாரன்ஸ் அம்மையார் முன்னின்ற வழக்கில், 1975-இல் மாநில உச்சநீதிமன்றம் அவ்விதியைச் சாடியது. எதிர்ப்பு ஓய்ந்ததா? இல்லை. வீடுகளின் கதவு திறந்தது 2000-இல். அம்மையார் 1994-இலேயே மறைந்தார்.

டக்ளஸ் மாசியும் துணைவரும் எழுதி 2013-இல் வெளிவந்த ‘கிளைம்பிங் மவுண்ட் லாரல்’ இதனை ஆராய்கிறது. குற்றம் பெருகும், வரி ஏறும், வீட்டு விலை சரியும் என்ற கூக்குரலை, அண்டை ஊர்களின் கணக்கோடு ஒப்பிட்டுப் பொய்யெனக் காட்டுகிறது. அரிய உழைப்பு! ஆயினும், எதிர்த்தோர் வகுத்த களத்திலேயே நூல் நெடுநேரம் நிற்கிறது. விலை சரிந்திருந்தால்? ஏழைக்கு அங்கே குடியிருக்கும் உரிமை இல்லாது போகுமோ?

குடியேறியோரின் வாழ்வை அளக்கும் பகுதியே நூலின் உயிர். பெற்றோர்க்கு வேலை, பிள்ளைகட்கு நல்ல பள்ளி, படிக்க அமைதி. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் நான். அப்பக்கங்களை இருமுறை படித்தேன்.