வேற்றுலக இனங்களும் 'இயல்பு' என்னும் கற்பிதமும்: ஸ்ரார் ட்றெக் புனைவுலகு பற்றிய சில குறிப்புக்கள்

விஞ்ஞானப் புனைகதைகளில் வரும் வேற்றுலக மாந்தரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவர்தம் புறத்தோற்றத்தோடு நின்றுவிடுகின்றனர். நெற்றிப் புடைப்பும் கூர்ச்செவியும் பச்சை இரத்தமும் சுவையான விடயங்களே. ஆயின் எமக்கு முதன்மையாகப் படுவது வேறொரு வினா. ஓரினத்தைப் படைக்கும் எழுத்தாளன் அவ்வினத்துக்குள்ளே கருத்து முரண்பாட்டுக்கும் உழைப்போர் - உடையோர் என்ற வேறுபாட்டுக்கும் இடம் வைக்கிறானா, அன்றி முழு இனத்தையும் ஒரே குணத்தின் வார்ப்பாக்கி விடுகிறானா என்பதே அது. 1966 செப்டெம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கி, பின்னர் பல தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் பெருகிய ஸ்ரார் ட்றெக் புனைவுலகை இவ்வினாவுக்கு உரைகல்லாகக் கொள்ளலாம். வணிகப் பொழுதுபோக்கு என இதனை ஒதுக்குவோர் எம்மிடையே உளர். 'பிறர்' என்போரை எவ்வாறு எண்ணிப் பார்ப்பது என்பதை இரண்டு மூன்று தலைமுறைப் பார்வையாளருக்குப் பழக்கிய ஒரு படைப்பை முற்போக்கு விமரிசனம் அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

ஜீன் றொடன்பெரி தோற்றுவித்த இவ்வுலகில் பூமியும் வேறு பல கோள்களும் ஒரு கூட்டமைப்பாக இணைந்துள்ளன. வல்கன் இனத்தார் தருக்கமே உருவானவர். கிளிங்கொன் இனத்தார் போர் விரும்பிகள். 1987இல் அறிமுகமான பெரெங்கி இனத்தார் இலாபத்தையே வழிபடுவோர். ஒரு கோளுக்கு ஓரினம், ஓரினத்துக்கு ஒரு குணம். நிலத்துக்கு ஒரு தொழிலும் ஓர் உரிப்பொருளும் வகுத்த எமது திணை மரபு இவ்விடத்தில் நினைவுக்கு வரலாம். ஆயின் அம்மரபு திணைமயக்கத்துக்கும் இடங் கொடுத்தது. இக்கோள்களிலோ மயக்கத்துக்கு இடமில்லை. மனிதர் மட்டுமே விதிவிலக்கு. என்ரர்பிறைஸ் விண்கப்பலில் ஸ்கொட்லாந்தர், ரஷ்யர், ஆசியர், ஆபிரிக்கப் பெண் எனப் பலரும் பணிபுரிகின்றனர். அறுபதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இது துணிவான செயலே. எனினும் பன்மை மனிதர்க்கும் ஒருமை பிறர்க்கும் என்ற பங்கீடு நடந்துவிடுகிறது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர் இந்தியாவில் ஆங்கிலேயர் சில சமூகத்தாரைப் 'போர்க்குல' மக்கள் என முத்திரை குத்திப் படைக்கு ஆட்சேர்த்த முறைக்கும் கிளிங்கொன் இனத்தின் வார்ப்புக்கும் உறவு தூரமானதன்று. ஸ்பொக் என்னும் பாத்திரம் பார்வையாளரைக் கவர்ந்தமைக்கான காரணத்தையும் இங்குதான் தேடவேண்டும். தந்தை வல்கன், தாய் மானிடப் பெண். முரண்பாடு அவன் உள்ளேயே இருக்கிறது.

கிளிங்கொன் இனத்தார் முதன்முதலில் தோன்றிய அத்தியாயம் 1967 மார்ச்சில் ஒளிபரப்பாயிற்று. கெடுபிடிப் போரின் சாயல் வெளிப்படை. ஓர்கானியா என்னும் கோளில் வாழும் எளிய மக்களைத் தம்பக்கம் இழுக்கக் கூட்டமைப்பு முயல, கிளிங்கொன் படை அக்கோளைக் கைப்பற்றுகிறது. அம்மக்களோ இரு தரப்பையும் வேண்டாமென்கின்றனர். ஈற்றில் அவர்கள் உடலற்ற பேராற்றல் உடையோர் எனத் தெரியவருகிறது. இரு தரப்பாரின் ஆயுதங்களையும் அவர்கள் செயலிழக்கச் செய்ய, தளபதி கேர்க்கும் கிளிங்கொன் தளபதி கோரும் போரிடும் உரிமைக்காக ஒரே குரலில் வாதாடுகின்றனர். அங்கதம் கூர்மையானது. ஆனால் அணிசேராமை இங்கு கடவுளர்க்கே சாத்தியமாகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். வலிமையற்ற மக்களின் கதி என்ன என்பதை 1968 பெப்ரவரியில் வந்த மற்றோர் அத்தியாயம் காட்டிற்று. கிளிங்கொன் தரப்பு ஊரவர்க்குத் துப்பாக்கி கொடுக்க, கேர்க் மலைவாழ் மக்களுக்கு அதேயளவு துப்பாக்கிகளைக் கொடுத்துச் 'சமநிலை' காக்கிறான். வியட்நாமில் ரெற் தாக்குதல் தொடங்கிச் சில நாட்களே கழிந்திருந்த வேளை அது. அம்மலைமக்கள் தம் வரலாற்றைத் தாமே ஆக்கக்கூடியவர் என்ற எண்ணம் கதையாசிரியர்க்கு எழவில்லை.

நிறவெறியைப் பேசும் 1969 ஜனவரி அத்தியாயத்தை மிகையாகப் பாராட்டுவது வழக்கம். முகத்தின் வலப்பாதி கறுப்பாயுள்ளோர் ஆளும் இனத்தார். இடப்பாதி கறுப்பாயுள்ளோர் ஆளப்பட்டோர். தப்பியோடிய லோக்காயை அதிகாரியான பீல் ஐம்பதினாயிரம் ஆண்டுகளாகத் துரத்துகிறான். ஊருக்குத் திரும்பினால் இரு இனமும் ஒன்றையொன்று அழித்து முடிந்திருக்கின்றன. அடிமைப்பட்டவனின் சினமும் அடிமைப்படுத்தியவனின் வெறுப்பும் இங்கு ஒரே தராசில் வைக்கப்படுகின்றன. இரு தரப்பும் வெறுப்பால் அழிந்தன என்று கூறிவிட்டால் யார் யாருடைய உழைப்பில் வாழ்ந்தனர் என்ற வினா தானாகவே மறைந்துவிடும். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை, நல்லெண்ணம் போதாது.

இவற்றிலும் மேம்பட்டது ஜீன் கூன் எழுதி 1967இல் வந்த ஹோர்ட்டாவின் கதை. சுரங்கமொன்றில் தொழிலாளர் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். கொல்வது பாறையைக் கரைத்துச் செல்லும், சிலிக்கனாலான ஓர் உயிர். ஸ்பொக் அதன் மனத்தோடு தன் மனத்தை இணைத்து அறிவது யாதெனில், தொழிலாளர் கனிமக் கட்டிகள் என எண்ணி உடைத்தெறிந்த உருண்டைகள் அதன் முட்டைகள். அது ஒரு தாய். 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையை வாழ்விடமாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க் பிற்காலத்தில் இக்கதையை விதந்து நினைவுகூர்ந்தார். விசித்திரமானது தீயதாகவே இருக்கவேண்டியதில்லை என்ற கருத்து அவரைக் கவர்ந்தது. எம்மையும் அது கவர்கிறது. கொடிய விலங்கென அஞ்சப்பட்ட ஒன்று, தன் நிலத்தைத் தோண்டுவோர்க்கெதிராகத் தன் குஞ்சுகளைக் காக்க எழுந்தது என்று கண்டுகொள்ளும் அக்கணம் இத்தொடரின் உச்சங்களில் ஒன்று. ஆனால் முடிவைப் பாருங்கள். ஹோர்ட்டாக் குஞ்சுகள் தம் இயல்புப்படி சுரங்கம் தோண்டும். மனிதர் பின்னே சென்று கனிமத்தை அள்ளிக்கொள்வர். எல்லோர்க்கும் மகிழ்ச்சி. தோண்டுதல் அவற்றின் 'இயல்பு' ஆகையால் கூலி பற்றிய பேச்சே எழவில்லை. உழைப்பை இயல்பாக்கிவிட்டால் சுரண்டல் நட்பாகத் தோன்றும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இப்புனைவுலகில் வேறில்லை.

இனிப் பெரெங்கி இனத்தாரை நோக்குவோம். கீழைத்தேயத்தார் ஐரோப்பியரைக் குறிக்க வழங்கிய அரபு - பாரசீகச் சொல்லிலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது. எமது 'பறங்கி'யும் அவ்வேரினதே. 285 வணிக விதிகளை வேதமாகக் கொண்ட இவர்களைத் தொடக்கத்தில் கோமாளிகளாகவே காட்டினர். யூதர் பற்றிய பழைய கேலிச்சித்திரங்களின் சாயல் இதில் உண்டு என்ற கண்டனம் நியாயமானது. கூட்டமைப்பின் மானிடரோ பணத்தையே ஒழித்துவிட்டவராம். ஆக, முதலாளித்துவ சமுதாயமொன்று தன் சொந்தக் குணத்தைப் பெயர்த்தெடுத்து அயலினம் ஒன்றின் பிறவிக்குணமாக ஒட்டிவைத்தது.

1993 முதல் 1999 வரை வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர் இக்கோமாளிகளை மக்களாக்கியது. 1996இல் வந்த ஓர் அத்தியாயத்தில், மதுச்சாலை உரிமையாளன் குவார்க் தன் ஊழியரின் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கைக் குறைக்கிறான். காதுநோயால் வருந்தியும் ஓய்வெடுக்க வழியின்றி வேலைத்தலத்தில் விழுந்த அவன் தம்பி றொம் தொழிற்சங்கம் அமைக்கிறான். பெரெங்கிச் சட்டப்படி அது குற்றம். மானிடனான ஓ'பிறையன், 1902ஆம் ஆண்டுப் பென்சில்வேனிய நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னின்ற தன் மூதாதையைப் பற்றிக் கூறி அவனை ஊக்குவிக்கிறான். வேறினத்தவளான லீற்றாவும் சங்கத்தில் சேர்கிறாள். றொம் தன் அண்ணன் முன் நின்று கம்யூனிஸ்ட் அறிக்கையின் இறுதி அறைகூவலை எடுத்துரைக்கும் இடத்தில், 'பெரெங்கி என்றால் பேராசை' என்ற சமன்பாடு உடைகிறது. ஒரே வீட்டில், ஒரே இரத்தத்தில், முதலாளியும் தொழிலாளியும் நிற்கின்றனர். குணம் எனக் காட்டப்பட்டது உண்மையில் ஆளும் தரப்பின் சட்டமே என்பது அப்போது வெளியாகிறது. அரசின் ஏவலாட்கள் குவார்க்கையே அடித்து நொறுக்குவதும் இதற்கு ஒத்தூதுகிறது.

எனினும் கதையாசிரியர் இந்த எல்லையில் நிலைத்து நிற்கவில்லை. சங்கம் கலைந்ததாக வெளியே காட்டிக்கொண்டால் கோரிக்கைகளை மறைவாக நிறைவேற்றுவேன் என்கிறான் குவார்க், றொம் உடன்படுகிறான். பின் மதுச்சாலையை விட்டு விண்நிலையத்தின் தொழில்நுட்பப் பணியாளன் ஆகிறான். 1999இல் தொடர் முடிகையில் அவன் பெரெங்கியரின் பேராளுநனாக நியமிக்கப்படுகிறான். பழைய ஆளுநன் கைப்பிடித்துக் கொடுத்த பதவி அது. மதுச்சாலையில் தட்டேந்தி நின்ற ஏனைய ஊழியர்க்குப் பெயரும் கதையும் பின்னர் பெரிதாகக் கிடைக்கவில்லை.